காற்றுக்குப் பூட்டு போட்ட சாவியக்கா

இந்த உலகத்தில் காற்றுக்குப் பூட்டு போட்ட ஒரே மனுஷி எங்கள் சாவியக்காதான். அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. நிஜமான பித்தளைப் பூட்டு, இரும்புச் சங்கிலி, இரண்டு சாவி. ஒரு சாவி அவர் இடுப்பில், இன்னொன்று ஸ்டோர் ரூம் ஆணியில். அந்தப் பூட்டுக்குள் என் வேலையும் சேர்ந்து மாட்டிக்கொண்டிருந்தது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அப்போது நான் புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்த புதிது. எந்த இடத்தில் காற்றாலை வைத்தால் எவ்வளவு கரண்ட் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் கம்பெனியின் தொழில். ஒரு கம்பம் நட்டு, உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுற்றுகிற மீட்டரை வைப்போம். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அது காற்றின் வேகத்தைப் பதிந்துகொள்ளும். ஒரு வருஷம் ஆனதும் அத்தனை எண்களையும் ஒரு மாடலுக்குள் கொட்டினால், வருஷம் முழுக்க அடித்த காற்று ஒரே ஒரு வளைகோடாகத் திரையில் வந்து நிற்கும். மந்தமான காற்று எத்தனை மணி நேரம், வேகமான காற்று எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்தாலே தெரியும். அதிலிருந்து கரண்டுக்குப் போவது சுலபம்.

காற்றோடு எனக்கு இருந்த பழக்கம் அவ்வளவுதான். எங்கள் ஆபீஸ் ஜன்னலைக் கன்டெய்னர் லாரிப் புழுதிக்குப் பயந்து ஆணி அடித்து மூடியிருந்தார்கள். வெளியே காற்று அடிக்கிறதா என்று யாராவது கேட்டால், நான் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். இதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் முதல் வேலை காசிமேட்டில், ஒரு ஐஸ் ஃபேக்டரி மொட்டைமாடியில். அதன் முதலாளி முன்னாளில் படகில் போனவர். ஐஸ் கட்டியை விட கரண்ட் பில் கனமாக இருக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தவருக்கு, மாடியில் ஒரு சின்ன காற்றாலை வைத்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. வைக்கலாமா, கூடாதா என்று ஒரு வருஷம் அளந்து சொல்ல வேண்டியது நான். அந்த ரிப்போர்ட் ஒழுங்காக முடிந்தால் எனக்கு வேலை நிரந்தரம். சொதப்பினால் வீட்டுக்குப் போகலாம் என்று ஆர்டரிலேயே போட்டிருந்தது.

முதல் நாள் கேட்டுக்குள் காலை வைத்ததும் ஒரு சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் சாவியக்கா வந்தார். ஐம்பது வயசைத் தாண்டியவர். ஃபேக்டரியின் அத்தனை சாவியும் அவர் பொறுப்பு.

"யாரு நைனா நீ? இன்னா வோணும்?"

"காத்து அளக்க மீட்டர் வைக்க வந்திருக்கேன்கா."

"காத்தையா? சரி, அளந்துக்கோ. மொதல்ல புக்குல எய்து."

அந்தப் புக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தடிமனான ரெஜிஸ்டர். முன்பக்கத்திலிருந்து வந்தால் வெளியாட்கள்: பெயர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் ஃபேக்டரிச் சாமான்கள்: பொருள், எண்ணிக்கை, வெளியே போன நேரம், திரும்பி வந்த நேரம், நிலைமை. நான் முன்பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் என் குடையை வாங்கி ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டு, "ஒரு கம்பி ஒடஞ்சிகீது" என்று என் பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொண்டார். பின்னால் நான் வந்து சண்டை போடக் கூடாதாம்.

திறந்து கிடக்கிற எதையும் சாவியக்காவால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. தண்ணீர் டிரம்மின் மூடிக்குப் பூட்டு. தம்ளருக்குச் சங்கிலி, சங்கிலிக்கு ஒரு பூட்டு. தாகம் எடுத்தால் அக்காவைத் தேட வேண்டும். முதலாளி அறையில் விருந்தாளிகள் உட்காரும் நாற்காலிகளைக்கூட ஒன்றோடு ஒன்று பிணைத்துப் பூட்டியிருந்தார். யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார நினைத்தால் நாலு நாற்காலி சேர்ந்து வரும். தன்னுடைய சாப்பாட்டுக் கேரியருக்கு, பெட்டிக்குப் போடுகிற குட்டிப் பூட்டு போட்டிருந்தார். உள்ளே எப்போதும் தயிர் சாதம்தான். அதை யார் திருடப் போகிறார்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "பூட்டி வெச்சதாலதான் யாரும் திருடல," என்றார். இதற்கு எந்தப் புள்ளியியல் சோதனையிலும் பதில் கிடையாது.

என்னையும் ஒருநாள் பூட்டினார். மாடியில் வேலை முடிய நேரமாகும், இறங்கி வந்து மறுபடி நிற்க வேண்டாமே என்று, மேலே போகும்போதே ரெஜிஸ்டரில் வெளியே போன நேரத்தையும் சேர்த்து எழுதிவிட்டுப் போயிருந்தேன். நேரத்தை மிச்சப்படுத்துகிற ஆள் நான். திரும்பி வந்து பார்த்தால் மாடிக் கதவு வெளியே பூட்டியிருந்தது. அக்காவின் நெத்திலிக் கருவாடு காய்கிற மாடி அது. முதலாளி அனுமதியோடு அவர் வலை விரித்து மீன் காயப் போடுவார். பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் நானும் அதோடு சேர்ந்து காய்ந்தேன்.

"மேல ஆள் இருக்கான்னு பாக்காம பூட்டிட்டீங்களேக்கா."

"புக்குல நீ மூணு மணிக்கே வெளிய பூட்டன்னு கீது. போனவன் எப்டி நைனா மேல இருப்பான்? பொய்ய எய்துனது நீயா, நானா?"

பாரிமுனை பஸ்ஸில் அன்றைக்கு எனக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்து சீட்டும் காலியாகவே வந்தது. அதற்குப் பிறகு நான் அந்த மாடிக்குப் போகவே இல்லை. மாதம் ஒருமுறை மீட்டரின் மெமரி கார்டை அக்காவே எடுத்துக் கேட்டில் கொடுப்பார், நான் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவேன். இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது பின்னால் வரும்.

கம்பம் நட்ட அன்றைக்கு நடந்த ஒரு பேச்சையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அடியில் கீல் வைத்த கம்பம் அது. கயிற்றை அவிழ்த்தால் மெதுவாகச் சாயும், இழுத்தால் நிமிரும். அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"புயலு கியலு வந்தா இது பிச்சிகினு பூடுமே நைனா."

"காத்து ரொம்ப அடிச்சா சாய்ச்சு வெச்சிடுங்கக்கா."

"ரொம்பன்னா எவ்ளோ?"

"அது உங்களுக்கே தெரியும்கா," என்றேன் நான். புள்ளியியலில் முதுகலை, பல்கலைக்கழகத்தில் மூன்றாவது ரேங்க். எதற்கும் எண்ணில் பதில் சொல்ல வேண்டும் என்று படித்தவனிடம், வாழ்க்கையில் ஒரே ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டார். நான் சொன்ன பதில் அது.

வருஷம் முடிந்தது. கார்டுகளை எல்லாம் சேர்த்து மாடலில் போட்டேன். காசிமேட்டுக் காற்று பரிதாபமாக இருந்தது. முக்கால்வாசி நாள் மத்தியானத்தில் வேகம் பூஜ்யம். கடலிலிருந்து காற்று கிளம்புகிற நேரத்தில் பூஜ்யம். எவனாவது புத்தியுள்ளவனாக இருந்தால் ஒருமுறை மாடி ஏறிப் பார்த்திருப்பான். நான் ஏறவில்லை. அதற்குப் பதிலாக ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். துறைமுகத்தில் அடுக்கி வைத்திருக்கிற கன்டெய்னர்கள் மத்தியான வெயிலில் சூடாகி, கடற்காற்றைத் தடுத்து மேலே திருப்பிவிடுகின்றன. இதற்கு 'கன்டெய்னர் மறைப்பு' என்று பெயரும் வைத்து, கலர் படத்தோடு ஆறு பக்கம் எழுதினேன்.

எங்கள் மேனேஜருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஆபீஸில் அவருக்கு டெசிமல் என்று பெயர். டீ குடித்தீர்களா என்று கேட்டால்கூட இரண்டு தசம ஸ்தானத்துக்குப் பதில் எதிர்பார்ப்பவர். மாடலின் கோடு எண்களோடு அவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று அவர் என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டலில் வேலை நிரந்தரமாகிவிட்டதாகவே நினைத்து, வீட்டுக்குப் போகும் வழியில் அரைக்கிலோ ஸ்வீட் வாங்கினேன்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டெசிமலும் நானும் ஐஸ் ஃபேக்டரிக்குப் போன நாள் ஆனி மாதம். முதலாளி அறையில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நான் கன்டெய்னர் மறைப்பை விளக்கினேன். முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ இங்க காத்தே இல்லன்ற?"

"போதிய அளவு இல்லை சார்."

"முப்பது வருசம் இந்தக் கடல்ல போயிகினு இருந்தேன். காத்து இல்லன்னு ஒருத்தன் இன்னிக்குத்தான் சொல்றான். வா நைனா, மேல போயி பாத்துடலாம்."

மூன்று பேரும் மாடிப்படி ஏறினோம். அங்கே நின்ற சாவியக்கா முதலாளியைக்கூட விடவில்லை, மூன்று பெயரையும் எழுதிக்கொண்டுதான் கதவைத் திறந்தார். திறந்த வேகத்தில் கதவு சுவரில் போய் மோதியது. என் கையிலிருந்த ரிப்போர்ட் அவிழ்ந்து கிளம்பிவிட்டது. 'காற்று போதாது' என்று நான் முடிவுரை எழுதிய பக்கத்தைக் காற்று தூக்கிக்கொண்டு துறைமுகம் பக்கம் போனது. கலர் படங்கள் பின்னாலேயே போயின. டெசிமலின் தலைமுடி ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டது.

மாடியின் நடுவில் கம்பம் தரையில் நீளமாகப் படுத்திருந்தது. மூன்று கிண்ணங்களுக்குள்ளும் சங்கிலி நுழைந்து வந்து ஒரு பூட்டில் முடிந்திருந்தது.

"இத்த யாரு சாய்ச்சது?" என்றார் முதலாளி.

"நாந்தான் மொதலாளி," என்றார் சாவியக்கா. குரலில் அவ்வளவு திருப்தி. "காத்து அடிக்க சொல்லோ பூட்டிடுவேன். காத்து நின்னா தொறந்து நிமித்திடுவேன். ஒரு நாளு மிஸ் பண்ணல."

ஆக, காற்று அடிக்காத நேரத்தில் மட்டும் ஒரு வருஷம் காற்றை அளந்திருக்கிறேன். என் மாடலின் கோடு அவ்வளவு அழகாகப் பொருந்தியது எதனோடு என்பதும் புரிந்தது.

முதலாளிக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஒரு வருஷம் வீணானது உறைத்ததும் சிரிப்பு நின்றது. "யாரு தப்புன்னு எய்தி குடுங்க. எங்காளு தப்புன்னா சாவிய வாங்கிகினு வூட்டுக்கு அனுப்பிடறேன். உங்காளு தப்புன்னா நீங்க பாத்துக்கங்க," என்று டெசிமலிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஆபீஸுக்கு வந்ததும் டெசிமல் கதவைச் சாத்தினார். "தளப் பணியாளர் கருவியில் கை வைத்ததால் தரவு கெட்டுப்போனதுன்னு எழுதுங்க. அந்தம்மா முழுப் பேரைப் போட்டு எழுதுங்க. இல்லேன்னா நான் உங்க பேரைப் போட்டு எழுத வேண்டியிருக்கும்."

எழுதினேன். இதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. சாய்க்கச் சொன்னவன் நான், எவ்வளவு அடித்தால் என்று சொல்லாதவன் நான், பன்னிரண்டு மாதம் மாடி ஏறாதவன் நான். இருந்தும் அந்த வாக்கியத்தை ஒரு பிழை இல்லாமல் டைப் அடித்தேன். பெயர் வர வேண்டிய இடத்தில் மட்டும் காலியாக விட்டிருந்தேன், ஏனென்றால் சாவியக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. ஃபேக்டரிக்குப் போன் செய்து கேட்டேன். அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை. அதனால் அடுத்த நாள் காலையில் நேரிலேயே போனேன்.

"என் பேரா? எதுக்கு நைனா?"

"ரிப்போர்ட்ல போடணும்கா."

அக்காவின் முகம் மாறியதை நான் இன்னும் மறக்கவில்லை. சாவிக்கொத்தைச் சரிசெய்துகொண்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொஸ்தகத்துல என் பேரு வருதா? இங்கிலீசுலயா?"

தலையாட்டினேன்.

"கரீட்டா போடணும். ரேசன் கார்டுல தப்பா அடிச்சிட்டானுங்க, பத்து வருசமா பேஜாரு. இரு, ஒயுங்கா எய்தி வெச்சிகீறேன், பாத்து எய்திக்கோ," என்று உள்ளே போய் ரெஜிஸ்டரை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். அட்டையில் அப்பா பெயர், ஊர் பெயரோடு அவருடைய முழுப் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அவரைக் காட்டிக்கொடுக்க வந்தவனுக்கு, அந்தப் பெயரை எப்படி எழுதுவது என்று எழுத்தெழுத்தாக விரல் வைத்துக் காட்டினார்.

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். சாமான்கள் பகுதியில் ஒரு வரி கண்ணில் பட்டது. 'கிண்ணம் பூட்டு 1.50. தொறப்பு 4.35. காரணம்: காத்து.' அடுத்த நாளும் ஒன்று. அதற்கடுத்த நாள் இரண்டு. ஒரு வருஷத்துக்கும் இருந்தது. நான் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்ட ஒவ்வொரு மணி நேரமும் அங்கே நிமிஷ சுத்தமாக உட்கார்ந்திருந்தது.

"எப்பக்கா பூட்டுவீங்க? எவ்ளோ காத்து அடிச்சா?" ஒரு வருஷம் முன்னால் அவர் கேட்ட கேள்வியை நான் திருப்பிக் கேட்டேன்.

"நெத்திலி பொரண்டா பூட்டுவேன். காஞ்ச நெத்திலி மல்லாக்க பொரள சொல்லோ எந்திரிச்சிடுவேன். அதுக்கு மேல வுட்டா மீனும் போயிடும், உன் கிண்ணமும் போயிடும்."

"மீன் காயப் போடாத நாள்ல?"

"அதுக்குன்னே நாலு நெத்திலி தனியா வெச்சிகீறேன்," என்று ஒரு தகர டப்பாவைக் காட்டினார். டப்பா பூட்டியிருந்தது.

அன்றிலிருந்து நாலு நாள் அந்த மாடியில் உட்கார்ந்தேன், கையடக்க மீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு. அக்கா எழுந்திருக்கும்போதெல்லாம் வேகத்தைக் குறித்தேன். ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே எண். எங்கள் கம்பெனி மீட்டர்கள்கூடத் தங்களுக்குள் அவ்வளவு ஒத்துப்போனதில்லை.

அப்புறம் வேலை எனக்குத் தெரிந்த வேலைதான். பூட்டியிருந்த நேரத்தில் சரியான வேகம் தெரியாது. ஆனால் குறைந்தது நெத்திலி புரள்கிற அளவாவது இருந்தது என்பது தெரியும். அப்படிப்பட்ட 'குறைந்தது இவ்வளவு' நேரங்களையும் மாடலில் சேர்ப்பதற்கு முறை இருக்கிறது. காலேஜில் படித்துப் பரீட்சையோடு மறந்திருந்தேன். பழைய நோட்டைத் தேடி எடுத்துச் சேர்த்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது முன்ஜாக்கிரதையாகப் பூட்டிவிட்டுப் போன நாட்களும் இருந்தன. அவற்றுக்குக் 'காரணம்: சந்தேகம்' என்று எழுதியிருந்தார். அந்த நேரங்களை மட்டும் கழித்துவிட்டேன். பட்டனைத் தட்டியதும், ஒரு வருஷமாக இடது பக்கம் சுருண்டு கிடந்த கோடு எழுந்து வலது பக்கம் நகர்ந்தது. முதலாளி முப்பது வருஷம் பார்த்த காற்று அதில் இருந்தது.

கன்டெய்னர் மறைப்பைக் கிழித்துப் போட்டேன். டைப் அடித்திருந்த அந்த வாக்கியத்தை அழித்துவிட்டு, 'கம்பத்தைச் சாய்க்கச் சொன்னவர் இந்த ரிப்போர்ட்டை எழுதியவர்' என்று போட்டேன். சாவியக்காவின் முழுப் பெயர், விடுபட்ட நேரங்களைப் பதிவு செய்தவர் என்று முதல் பக்கத்தில் வந்தது. எழுத்தை மூன்று தடவை சரிபார்த்தேன். டெசிமல் அதை இரண்டு தடவை படித்தார். கடைசியில், இன்னும் ஆறு மாதம் கம்பத்தை நிமிர்த்தியே வைத்து அளந்து பார்க்கச் சொன்னார். என் வேலையும் அதே ஆறு மாதம் தள்ளிப்போனது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் மட்டும் சாய்க்கலாம் என்று அக்காவுக்கு எழுதிக் கொடுத்தேன், இந்த முறை கூண்டு எண்ணோடு. ஆறு மாத அளவு, நெத்திலிக் கணக்கை ஒட்டியே வந்தது. எனக்கு வேலை நிரந்தரமானது, அக்காவிடம் சாவி தங்கியது.

காற்றாலை வந்து இறங்கிய அன்று நானும் போயிருந்தேன். மாட்ட வந்த மெக்கானிக் முதலாளியிடம் விளக்கிக்கொண்டிருந்தார். "காத்து அளவுக்கு மீறிடுச்சுன்னா மிஷின் தானாவே பிரேக் போட்டு நின்னுக்கும் சார். இல்லேன்னா எறக்கை பிச்சிக்கும்."

சாவியக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுகினியா நைனா?" என்றார்.

அதற்கப்புறம் எனக்குத் திருநெல்வேலிப் பக்கம் வேறு வேலை கிடைத்தது. சொல்லிக்கொள்ளப் போன அன்று, வழக்கம்போல ரெஜிஸ்டரில் வெளியே போகிற நேரத்தை எழுத முன்பக்கத்தைத் திறந்தேன். அக்கா அதைப் பிடுங்கிக் குப்புறத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து விரித்தார். ஃபேக்டரிச் சாமான்கள் பகுதி. தன் கையாலேயே எழுதினார். பொருள்: தம்பி. எண்ணிக்கை: ஒண்ணு. வெளியே: 5.10.

"திரும்பி வந்த நேரம் காலியா இருக்கேக்கா."

"வந்தாத்தான் எய்துவேன். முன்னாடியே எய்துறதுக்கு நா இன்னா உன்ன மாதிரியா?"

இங்கே என்னைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் காற்றாலைகள்தான். நாலு வருஷத்தில் எத்தனையோ மாடல் போட்டுவிட்டேன். எந்தப் பூஜ்யத்தைப் பார்த்தாலும் முதலில் கம்பத்தை நேரில் போய்ப் பார்த்துவிடுகிறேன். போன மாதம் சென்னைக்கு வந்தபோது காசிமேட்டுக்குப் போனேன். அக்கா என்னை இன்னா, எப்ப வந்த என்றெல்லாம் கேட்கவில்லை. நேராக உள்ளே போய், பழைய ரெஜிஸ்டர் ஒன்றை அலமாரியின் பூட்டைத் திறந்து எடுத்துவந்தார். பக்கத்தைத் தேடிப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, திரும்பி வந்த நேரம் என்ற இடத்தில் 11.20 என்று எழுதினார். அப்புறம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். முன்தலையில் முடி கொட்டியிருக்கிறது, தொப்பை விழுந்திருக்கிறது, எல்லாம் அவர் கண்ணில் பட்டிருக்கும். முதல் நாள் என் குடையில் ஒடிந்த கம்பியை விடாதவர் அவர்.

நிலைமை என்ற இடத்தில், 'ஒயுங்கா கீது' என்று எழுதிவிட்டு என்னிடம் பேனாவை நீட்டினார். கண் கலங்கி எழுத்து தெரியாததால் கையெழுத்தைப் பக்கத்துக் கட்டத்தில் போட்டுவிட்டேன். அதற்கும் திட்டு வாங்கினேன்.